சோதினைக்கு வராத ஆடு

எங்கள் பாடசாலையின் கணினி அறை வாசலில் செருப்புகள் கிடந்தால் உள்ளே வகுப்பு நடக்கிறது என்று பொருள். கோயிலுக்குப் போவதுபோலச் செருப்பைக் கழற்றி, காலைத் துடைத்துவிட்டுத்தான் அந்த அறைக்குள் போகவேண்டும் என்பது அதிபரின் கட்டளை. தூசி பட்டால் கணினி பழுதாகிவிடும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அறை திறந்த நாளில் மங்கள விளக்கேற்றி, ஒவ்வொரு கணினிக்கும் சந்தனப் பொட்டு வைத்து, தாய்மார் தைத்துத் தந்த பூப்போட்ட துணி உறைகளால் அவற்றை மூடினோம். அதன் பிறகு வெளியிலிருந்து பெரிய ஆட்கள் பார்வையிட வந்தால் மட்டும் உறைகள் கழற்றப்படும். அவர்களுடைய வாகனம் படலையைத் தாண்டியதும் மறுபடி போர்த்திவிடுவார்கள். பக்கத்து வகுப்பில் கணிதம் படிப்பிக்கும் நான் அந்த வாசலில் நெடுங்காலமாக ஒரு சோடிச் செருப்பையும் கண்டதில்லை. ஒருநாள் இடைவேளை முடிந்து வரும்போது வாசல் நிறையச் செருப்பும் சப்பாத்தும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. தோட்டத்துச் செம்மண் ஒட்டியவை, வார் அறுந்து ஊசி குத்தியவை, தமையனுக்கு அளவில்லாமல் போய்த் தம்பிக்கு வந்தவை. உள்ளே பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஐ.சி.ரி. என்ற கணினிப் பாடத்துக்கு ரீச்சர் எங்கள் பாடசாலைக்கு வந்த கிழமை அது.

நினைத்து எழுதுகிறேன் என்றால் ஆள் காலமாகிவிட்டார் என்று வாசிப்பவர்கள் எண்ணக்கூடும். அப்படி ஒன்றுமில்லை. ரீச்சர் இன்றைக்கும் பக்கத்து அறையில்தான் படிப்பிக்கிறார். ஆசிரியர் அறையில் எனக்கு எதிர்க் கதிரையில் இருந்துதான் இடியப்பம் சாப்பிடுகிறார். ஆனால் அன்றைக்கு அந்த அறைக்குள் நின்ற ரீச்சரை நான் இப்போது காண்பதில்லை. கூடவே இருக்கிற ஒருவரை நினைத்து ஏங்குவது கொஞ்சம் பைத்தியக்காரத்தனம் என்று என் மனைவி சொல்கிறாள். அவள் சொல்வது சரியாகவும் இருக்கலாம்.

ரீச்சர் குருநகர்க்காரி. தகப்பன் கடலுக்குப் போகிறவர். ஒவ்வொரு நாளும் காலையில் ஸ்கூட்டியில் வலிகாமத்தின் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் பாடசாலைக்கு வந்துவிடுவார். அது பதினோராம் ஆண்டு வரைக்கும்தான் உள்ள சின்னப் பாடசாலை. சாதாரண தரச் சோதினை முடிந்தால் பிள்ளைகள் எங்களைவிட்டு வேறு பாடசாலைக்கோ வேலைக்கோ போய்விடுவார்கள். கடற்கரைப் பக்கத்து ஆட்களுக்கே உரிய உரத்த குரல் ரீச்சருக்கு. தோட்டக்காரப் பிள்ளைகள் முதலில் கொஞ்சம் மிரண்டுதான் போனார்கள். கணினியைத் தொடவும் அவர்களுக்குப் பயம். உடைந்தால் அப்பாவிடம் காசு கேட்பார்கள் என்ற பயம். ரீச்சர் முதல் வேலையாக ஒரு கணினியை மேசையில் படுக்கவைத்து, திருகாணியைக் கழற்றித் திறந்து காட்டினார். உள்ளே பல்லி முட்டை இருந்தது. இத்தனை காலமும் பொட்டு வைத்துப் போர்த்தி வைத்திருந்த பெட்டிக்குள் பல்லி குடித்தனம் நடத்தியிருக்கிறது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அதிபருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பெட்டியைத் திறக்க யாரிடம் அனுமதி வாங்கினீர் என்று கேட்டாராம்.

அந்த வருடம் எங்கள் ஒன்பதாம், பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளைப் பார்க்க எனக்கே பொறாமையாக இருந்தது. என் பாடம் முடியும் மணி அடித்ததும் கதிரைகள் சரியச் சரிய அந்த அறைக்கு ஓடுவார்கள். கணிதத்துக்கு அப்படி ஓடிவந்த பிள்ளையை நான் கண்டதில்லை. பத்தாம் ஆண்டில் ஒரு பிள்ளை இருந்தாள். தகப்பன் வெங்காயம் போடுகிறவர். என் வகுப்பில் அவள் இருக்கிற இடம் தெரியாது. கேட்டால் மறுமொழி சொல்லுவாள், கேட்காவிட்டால் பேசாமல் இருப்பாள். அந்தப் பிள்ளை கணினியில் ஒரு விளையாட்டுச் செய்தாள். பச்சைப் பசேலென்று வெங்காயப் பாத்திகள். திடீரென்று ஒரு பக்கத்தால் ஆடு ஒன்று உள்ளே வரும். விசையை அழுத்தினால் சாரம் கட்டிய ஓர் ஆள் அதைத் துரத்திக்கொண்டு ஓடுவார். பிந்தினால் ஆடு பாத்தியை மேய்ந்துவிடும். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சாரம் கட்டிய ஆள் ஓடுகிற ஓட்டம் அவளுடைய தகப்பன் ஓடுகிற மாதிரியே இருந்ததென்று அவரைத் தெரிந்த பிள்ளைகளெல்லாம் சத்தியம் செய்தார்கள்.

ஒருநாள் மத்தியானம் அவள் என்னிடம் வந்து நின்றாள். அவளாக வந்து என்னோடு கதைத்தது அதுதான் முதல் தடவை. ஆடு ஒவ்வொரு முறையும் ஒரே பக்கத்தால் வருகிறது, அதனால் விளையாடுகிறவர்கள் அங்கேயே போய்க் காவல் நிற்கிறார்கள் என்று முறைப்பாடு சொன்னாள். பிறகு கேட்டாள்: "எந்தப் பக்கத்தாலை வரும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாமல் செய்யிறதுக்குக் கணக்கிருக்கோ, சேர்?" நிகழ்தகவு என்ற பாடத்தை எத்தனையோ வருடமாகப் பையிலிருந்து சிவப்புப் பந்தையும் நீலப் பந்தையும் எடுத்து எடுத்துப் படிப்பித்தவன் நான். ஒரு பிள்ளையும் அதைத் தனக்கு வேண்டுமென்று வந்து கேட்டதில்லை. அன்றைக்கு அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒரு பாடவேளையின் கால்வாசிகூட இராது. ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மனைவிக்கும் சொன்னேன். ஆட்டுக்குக் கணக்குப் படிப்பித்த கதையென்று அவள் இன்றைக்கும் பகிடி பண்ணுகிறாள்.

அடுத்த கிழமை அந்தப் பிள்ளையின் தகப்பன் சைக்கிளில் வந்தார். பிள்ளை பள்ளிக்கூடத்தில் கேம் விளையாடுகிறாள் என்று யாரோ அவருடைய காதில் போட்டிருந்தார்கள். கோபத்தோடுதான் வந்தார், ஆனால் ரீச்சரைக் கண்டதும் கொஞ்சம் தணிந்துவிட்டார். ரீச்சர் மகளைக் கூப்பிட்டு, கணினியைப் போட்டு, அவரைக் கதிரையில் இருத்தினார். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரலால் அவர் விசையைக் குத்தினார். ஆடு அவருக்குப் பிடிபடவேயில்லை. இடக்கைப் பக்கத்தால் துரத்தினால் வலக்கைப் பக்கத்தால் வந்தது. "அறுவான், எங்கடை கறுப்பன்தான்" என்று தன் வீட்டு ஆட்டின் பெயரைச் சொல்லிச் சிரித்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் சிரிப்பு வந்தது. கடைசியில் தகப்பன் எழும்பி, சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, செருப்பைத் தேடிக் காலில் போட்டுக்கொண்டு, ரீச்சரிடமல்ல, என்னிடம் கேட்டார்:

"வடிவாய்த்தான் இருக்குது, சேர். உது சோதினைக்கு வருமோ?"

ரீச்சர் என்னைப் பார்த்தார். வராது என்று எனக்குத் தெரியும். தகவல், தொடர்பாடல் தொழினுட்பம் என்ற அந்தப் பாடத்துக்குச் சாதாரண தரத்தில் இரண்டு எழுத்து வினாத்தாள்கள்தான். கணினிக்கு முன்னால் ஒரு பிள்ளையையும் இருத்திப் பார்ப்பதில்லை. சோதினைக்கு வராவிட்டாலும் நல்லதுதானே என்று நான் எதையோ சமாளித்துச் சொன்னேன். தகப்பன் தலையை ஆட்டினார். மரியாதைக்காக ஆட்டிய தலை என்று விளங்கியது. அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. வெங்காயம் விலைபோகாத வருடங்களை எத்தனையோ கண்ட மனிதர். மகளாவது ஒரு உத்தியோகத்தில் இருக்கவேண்டும் என்று நினைக்கிறார். அதற்குச் சோதினையைத் தவிர வேறு வழி இருப்பதாக இந்தத் தேசத்தில் யாரும் அவருக்குக் காட்டியதில்லை.

பிறகு வலய மட்டத்துத் தவணைப் பரீட்சை வந்தது. விடைத்தாள்களைப் பாடசாலைகள் தமக்குள் மாற்றித் திருத்துவது எங்கள் வழக்கம். திரும்பி வந்த தாள்களைப் பார்த்து ரீச்சர் முகம் கறுத்துப்போனார். மூன்று எண்களில் பெரியதைக் கண்டுபிடிக்கும் படிமுறையை எழுதச் சொல்லியிருந்தது. புத்தகத்தில் உள்ள வழி ஒன்று. வெங்காயக்காரர் மகள் எழுதியது வேறு. அவளுடையது சுருக்கமானது. திருத்தியவர் அதன் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு போட்டு விட்டுவிட்டார். ரீச்சர் அதை அப்படியே கணினியில் எழுதி ஓடவிட்டு எனக்குக் காட்டினார். சரியாக ஓடியது. நான் தாளில் கணக்காகச் செய்தும் பார்த்தேன். பிழையே இல்லை. எங்கள் பிள்ளைகள் பலருக்கும் இதே கதைதான். கணினியில் தாங்கள் கண்டதையும் செய்ததையும் எழுதியிருந்தார்கள். புள்ளித்திட்டத்தில் இருந்ததோ புத்தகத்தில் இருந்த வசனம். ரியூசனில் குறிப்பெடுத்துப் பாடமாக்கிய அயல் பாடசாலைப் பிள்ளைகள், அவர்களில் அரைவாசிப் பேர் கணினியைத் தொட்டும் பார்த்திருக்கமாட்டார்கள், எங்கள் பிள்ளைகளைவிட மேலே நின்றார்கள்.

ரீச்சர் விடவில்லை. தாள்களைக் கொண்டு வலயக் கல்விக் கந்தோருக்குப் போனார். அங்கிருந்த பாட ஆலோசகர் நல்ல மனிதராம். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துக் கதைத்தாராம். உங்கள் பிள்ளை எழுதியது சரி என்று ஒப்புக்கொண்டாராம். ஆனால் உண்மைச் சோதினையில் தாள் திருத்துகிறவருக்கு முன்னால் ஒரு குவியல் தாள் இருக்கும், ஒவ்வொன்றையும் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டு அவர் இருக்கமாட்டார், பிள்ளைகள் பாவம், திட்டத்தில் உள்ளபடியே எழுதப் பழக்குங்கள் என்றாராம். திரும்பி வந்து இதையெல்லாம் சொன்னபோது ரீச்சரிடம் கோபம் இருக்கவில்லை. எதிர்த்துக் கதைக்கிற ஒருவர் இருந்திருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். எல்லோரும் அவருடைய பக்கம்தான் நின்றார்கள், அதுதான் தொல்லை.

பெறுபேற்றுப் பகுப்பாய்வுக் கூட்டத்தில் அதிபர் பாடம் பாடமாகச் சொல்லிக்கொண்டு போய், ஐ.சி.ரி. வந்ததும் நிறுத்திவிட்டார். கூட்டம் முடிய ரீச்சரைத் தன்னுடைய அறைக்கு வரச் சொன்னார். ரீச்சர் துணைக்கு என்னையும் கூப்பிட்டார். அதிபரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் கொடியவர் அல்ல. வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர்களுக்கெல்லாம் போன் எடுத்துக் கெஞ்சி, பிள்ளைகளுக்குக் குடிதண்ணீர்த் தாங்கி கட்டியவர். ஆறாம் ஆண்டுக்கு வருகிற பிள்ளைகள் வருடா வருடம் குறைந்துகொண்டு போவதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு நித்திரையில்லை. வசதியுள்ளவர்கள் பிள்ளைகளை பஸ் ஏற்றி நகரத்துக்கு அனுப்புகிறார்கள். எங்கள் மதிலில் சித்தியடைந்த பிள்ளைகளின் படம் போட்ட பதாகை தொங்காவிட்டால் மிச்சப் பிள்ளைகளும் போய்விடுவார்கள் என்பது அவருடைய பயம். அது பொய்ப் பயம் அல்ல.

"ரீச்சர், நீர் கெட்டிக்காரி. நான் இல்லையெண்டு சொல்லேல்லை" என்றார். "ஆனால் அவை கொம்பியூட்டருக்கு மாக்ஸ் போடுறேல்லை. பேப்பருக்குத்தான் போடுறவை."

பிறகு மெதுவாக விசயத்துக்கு வந்தார். அடுத்த வருடத்திலிருந்து ஐ.சி.ரி. பாடத்தை நிறுத்திவிட்டு, எல்லாப் பிள்ளைகளையும் சுகாதாரப் பாடத்துக்கு விடலாம். அதில் ஏ எடுப்பது இலகு. அந்த அறையைப் பதினோராம் ஆண்டின் விசேட வகுப்புக்கு எடுக்கலாம், மின்விசிறியும் இருக்கிறது. கணினிகளை வலயத்துக்குத் திருப்பிக் கொடுக்கலாம். ரீச்சருக்கு வேறு பாடம் தரலாம். அவர் சொல்லிக்கொண்டு போகப் போக ரீச்சரின் கை சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே போனது. இனி வரப்போகிற பிள்ளைகளுக்கு அந்த அறை இருக்குமா இல்லையா என்பதுதான் அன்றைக்கு அந்த மேசையில் இருந்த கேள்வி. என் பாடத்தை ஒருவரும் நிறுத்தமாட்டார்கள் என்ற துணிவில் இருக்கிறவன் சொல்லும் சொல்லுக்கு அங்கே என்ன பெறுமதி இருந்திருக்கும்?

"இந்த ஒரு வருசம் தாங்கோ, சேர்" என்றார் ரீச்சர். "பிள்ளையளைப் பேப்பருக்குப் பழக்கி றிசல்ட்டைக் கொண்டுவாறன். பிறகு அறையைத் திறந்து என்ரை முறையிலை படிப்பிக்க விடுங்கோ."

அதிபர் உடனே ஒத்துக்கொண்டார். வெளியே வந்ததும் ரீச்சர் பெரிய பாரம் இறங்கியவர்போலச் சிரித்தார். ஒரு வருடம் கண்மூடித் திறக்க ஓடிவிடும் என்றார். எனக்கும் அது நல்ல ஒப்பந்தமாகத்தான் பட்டது.

மறுநாளே கணினிகளுக்கு உறை போடப்பட்டது. இந்த முறை போட்டவர் ரீச்சர். அறையைப் பூட்டிவிட்டு, என் வகுப்பின் மற்றப் பக்கத்திலிருந்த அறைக்குப் பிள்ளைகளை மாற்றினார். கடந்தகால வினாத்தாள்களைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்தார். அவர் எதைச் செய்தாலும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவர். எந்தக் கேள்வி எந்த வருடம் வந்தது, எந்தச் சொல் இருந்தால் புள்ளி, எது விட்டுப்போனால் புள்ளி போகும் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது. வரைவிலக்கணங்களை ராகம்போட்டுச் சொல்லப் பழக்கினார். என் வகுப்புச் சுவருக்கு அந்தப் பக்கத்தால் ஒரே குரலில் அது கேட்டுக்கொண்டேயிருக்கும். வெங்காயக்காரர் மகள் முதலில் ஒருசில நாள் பூட்டிய அறையின் யன்னலால் எட்டி எட்டிப் பார்த்தாள் என்று ரீச்சர் சொன்னார். பிறகு அவளும் ராகத்தில் சேர்ந்துவிட்டாள். மூன்று எண்களில் பெரியதைப் புத்தகத்தில் உள்ளபடி கண்டுபிடிக்கப் பழகினாள். தகப்பன் ஒரு கூடை கத்தரிக்காய் கொண்டுவந்து ரீச்சரிடம் கொடுத்து, இப்போதுதான் பிள்ளை படிக்கிறாள் என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

சாதாரண தரப் பெறுபேறு வந்தது. எங்கள் பாடசாலை அதற்குமுன் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. ஐ.சி.ரி.யில் ஒரு பிள்ளையும் தவறவில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஏ, வெங்காயக்காரர் மகளுக்கும் ஏ. மதிலில் பதாகை தொங்கியது. ரீச்சருக்கு மாலை போட்டார்கள். படம் எடுப்பதற்காக அறையைத் திறந்து உறைகளைக் கழற்றினார்கள். அந்தப் படத்தில் ரீச்சர் முழுச் சிரிப்போடு நிற்கிறார். நடிப்பல்ல, உண்மையான சந்தோஷம். பேசியபடி செய்து முடித்துவிட்டார். இனி அறை அவருடையது.

அந்தக் கிழமையே அதிபரிடம் போனார். அதிபர் சொன்ன சொல்லை மீறவில்லை. பாடத்தை நிறுத்தவில்லை. அறையையும் எடுக்கவில்லை. கணினிகளுக்குப் புதிய உறைகூடத் தைக்கக் கொடுத்திருந்தார். ஆனால் இவ்வளவு நல்லாய் வந்திருக்கிற வழியை ஏன் மாற்றுவான் என்று கேட்டார். அடுத்த வருடம் பெறுபேறு விழுந்தால் ஆருக்கு மறுமொழி சொல்வது? அத்தோடு ரீச்சரின் முறையை மற்றப் பாடசாலைகளுக்கும் காட்டச் சொல்லி வலயத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள் என்று பெருமையோடு சொன்னார். ரீச்சர் தர்க்கம் பண்ணிவிட்டு வந்து, அடுத்த நாள் துணிந்து அறையைத் திறந்தார். அதற்கடுத்த காலையில் பெற்றோர் வந்துவிட்டார்கள். சண்டைக்கு வரவில்லை, கெஞ்ச வந்தார்கள். போன வருடத்துப் பிள்ளைகளுக்கு ஏ எடுத்துக் கொடுத்த ரீச்சர் எங்கள் பிள்ளைகளை ஏன் கைவிடுகிறார் என்று ஒரு தாய் கண்கலங்கிக் கேட்டாள். அந்தக் கண்ணீருக்கு முன்னால் ரீச்சரால் என்ன சொல்லமுடியும்? செருப்புகள் வாசலைவிட்டுப் போயின. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் ஆர்மீது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஏசுவதற்கு ஒரு ஆளைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

இப்போது ரீச்சர் கொடிகாமம் வரைக்கும் போய்க் கருத்தரங்கு செய்கிறார். உரும்பிராயில் எங்கள் வீட்டுக்கு அயலில் இருக்கிற பிள்ளைகளும் அவருடைய குறிப்புகளைப் போட்டோக்கொப்பி எடுத்துப் பாடமாக்குகிறார்கள். அண்மையில் மாதிரி வினாத்தாள் கொப்பியெடுக்கச் சந்தியிலிருக்கும் கொமினிக்கேசன் கடைக்குப் போயிருந்தேன். அங்கே வாங்கில் வெங்காயக்காரர் மகள் இருந்தாள். உயர்தரமும் முடித்துவிட்டாளாம். ஏதோ ஒரு கற்கைநெறிக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வந்திருக்கிறாள். கடைக்காரர் அவளிடம் பெயரையும் பிறந்த திகதியையும் கேட்டுக் கேட்டு அடித்துக்கொண்டிருந்தார். போனிலேயே நீயாகச் செய்யலாமே பிள்ளை என்றேன். பிழைவிட்டால் விண்ணப்பம் போய்விடும் என்று அப்பா கடையில் செய்யச் சொன்னவர் என்றாள். ஆட்டைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துத்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"அது அப்ப விளையாட்டுக்குச் செய்தது, சேர்" என்றாள். வெட்கப்பட்டாள், நான் அவளுடைய ஏதோ ஒரு பழைய குழப்படியைச் சொல்லிக்காட்டியதுபோல.

இதை நான் ரீச்சருக்குச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

நேற்று என் வகுப்பில் பிள்ளைகளைக் கணக்குச் செய்யவிட்டுவிட்டு விறாந்தைக்கு வந்தேன். பக்கத்து அறையில் புதிதாகப் பத்தாம் ஆண்டுக்கு ஏறிய பிள்ளைகள் இருந்தார்கள். ரீச்சர் கரும்பலகையில் விசைப்பலகையை வரைந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சதுரம், அளவு பிசகாமல், வடிவாக. பிள்ளைகள் அடிமட்டம் வைத்துக் கொப்பியில் வரைந்துகொண்டிருந்தார்கள். பின்வரிசையில் ஒரு பிள்ளை எழும்பி, தாங்கள் எப்போது கணினியில் இருந்து பழகுவோம் என்று கேட்டது. ரீச்சரின் கையிலிருந்த வெண்கட்டி நின்றது.

"சோதினை முடியட்டும், பிள்ளை" என்றார். "முடிஞ்ச உடனை திறந்து விடுறன்."

பிள்ளைகள் சந்தோஷத்தில் மேசையில் தட்டினார்கள். சோதினை முடிந்த அன்றைக்கே தாங்கள் இந்தப் பாடசாலையைவிட்டுப் போய்விடுவோம் என்பது அவர்களில் ஒருவருக்கும் தட்டுப்படவில்லை. ரீச்சருக்குத் தெரியும். சத்தம் அடங்கும்வரை அவர் பிள்ளைகளின் பக்கம் திரும்பாமல் நின்றார்.